இடம்பெயர்ந்த கோயில்கள்: சென்னையைச் சுற்றிப் பார்ப்பவருக்கு ஒரு பின்னணி

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் கீழைக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் வெளியூர்க்காரர், ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழமையைக் கண்டுவிட்டதாகவே பெரும்பாலும் எண்ணிக்கொள்கிறார். ஞானசம்பந்தர் பாடிய தலம் என்று கேள்விப்பட்டு வருகிறவர் அப்படி எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் ஏறத்தாழ 120 அடி உயரமுள்ள அந்தக் கோபுரம் எழுந்தது 1906-இல். எழும்பூர் ரயில் நிலையக் கட்டடத்துக்கு அது இரண்டே ஆண்டு மூத்தது. கோபுரத்துக்கு உள்ளே இருக்கும் கற்கோயில் அதைவிடப் பழையது என்றாலும், சம்பந்தர் கண்ட கோயில் அதுவும் அன்று. அவர் பாடிய கபாலீச்சரம் இன்றைய இடத்திலேயே இருக்கவில்லை என்பதுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலோர் ஏற்கும் முடிவு.

சென்னையின் பழைய இடங்களைப் பார்க்கக் கிளம்புகிறவர் இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் நகரம் வேறு விதமாகப் புலப்படும். இங்கே முக்கியமான கோயில்கள் மூன்று, தாம் முதலில் நின்ற இடத்தைவிட்டுப் பெயர்ந்து வேறிடத்தில் எழுந்தவை. கலங்கரை விளக்கம் மூன்று முறை இடம் மாறியிருக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் தூண்கள் புதுச்சேரி வரை போய்த் திரும்பியிருக்கின்றன. கட்டடத்தின் வயது, கோயிலின் வயது, ஊரின் வயது ஆகிய மூன்றும் தனித்தனிக் கணக்குகள். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் சுற்றுலாக் கையேடுகள் பலவும் சலிப்பூட்டும் பட்டியல்களாகிவிடுகின்றன.

மயிலாப்பூரிலிருந்தே தொடங்கலாம். இறந்துபோன பூம்பாவை என்ற பெண்ணை உயிர்ப்பிக்கச் சம்பந்தர் பாடியதாகச் சொல்லப்படும் பதிகம், இந்த ஊரின் திருவிழா நாட்களை ஒவ்வொன்றாக அடுக்கிச் செல்கிறது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம் என்று வரும் அந்த வரிசையில் மாசிக் கடலாட்டும் பங்குனி உத்திரமும் இருக்கின்றன. கடலாட்டு என்னும் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு கோயில் கரையோரம் இருந்தது என்று சொல்லிவிட முடியாதுதான். இன்றும் பல ஊர்க் கோயில்களின் சுவாமி மாசி மகத்தன்று நெடுந்தொலைவு கடந்து கடலுக்கு எழுந்தருளுகிறார். ஆனால் பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதரும் மயிலையைக் கடல் திரைகளுக்கு அருகிலிருக்கும் ஊராகவே பாடுகிறார். இதைவிட அழுத்தமான சான்று கல்லில் கிடைத்தது: சாந்தோம் தேவாலய வளாகத்தில் பழைய சிவன் கோயிலைச் சேர்ந்த துண்டுக் கல்வெட்டுகள் கண்டெடுக்கப்பட்டன. இன்றைய கபாலீசுவரர் கோயிலிலும் அதே போன்ற துண்டுகள், தொடர்ச்சியற்று, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கின்றன. ஒரே இடத்தில் நிலைத்து நின்ற கோயிலின் சுவரில் கல்வெட்டுகள் வரிசையாக ஓடும். பெயர்த்துக் கட்டப்பட்டதில் இப்படித்தான் சிதறிக் கிடக்கும்.

1520-களில் போர்ச்சுகீசியர் இந்தக் கரையில் குடியேறினார்கள். இயேசுவின் சீடர் தோமையார் அடக்கம் செய்யப்பட்ட இடம் இதுவென்னும் நெடுங்கால நம்பிக்கையை ஒட்டி, அங்கே தேவாலயம் எழுப்பி, ஊருக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். பிறகு அந்தக் குடியிருப்பைச் சுற்றி மதிலும் எழுந்தது. பழைய கோயில் போர்ச்சுகீசியரால் இடிக்கப்பட்டது என்பது பரவலான கருத்து. கடல் அரிப்பும் ஒரு காரணம் என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படியாயினும் சிவன் கரையிலிருந்து உள்ளே நகர்ந்து புதிய இடத்தில் குடிகொண்டார். அந்த இடத்தைச் சுற்றி மாட வீதிகளும் பெரிய குளமும் அமைந்து, இன்று நாம் பார்க்கும் மயிலாப்பூர் உருவாயிற்று. குளத்துக்குரிய நிலம் ஆர்க்காட்டு நவாபு கொடுத்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இந்தப் பின்னணியோடு பார்த்தால் கபாலீசுவரர் கோயிலிலிருந்து சாந்தோம் தேவாலயத்துக்கு நடந்து செல்லும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரமே ஒரு வரலாற்றுப் பயணமாகிவிடும். தேவாலயத்தின் வெண்ணிறக் கூர்மாடமும் பழமையானதன்று. போர்ச்சுகீசியர் கட்டியதை இடித்துவிட்டு 1896-இல் புதுக் கோதிக் பாணியில் எழுப்பியது. ஆக, கோயில், தேவாலயம் இரண்டிலும் கண்ணுக்கு முதலில் தெரிவது ஏறத்தாழ ஒரே காலத்து வேலை என்பதை அறியும்போது, பழமை பற்றிய போட்டிப் பேச்சுகள் கொஞ்சம் அடங்கும். உண்மையில் பழைய கட்டடத்தைப் பார்க்க விரும்புகிறவர் லஸ் பக்கம் திரும்ப வேண்டும். 1516 என்ற ஆண்டு பொறித்த கல்லைக் கொண்ட பிரகாச மாதா ஆலயம் அங்கே இருக்கிறது. சுற்றிலும் மரங்கள் அடர்ந்திருந்த காலத்தில் மக்கள் அதற்கு வைத்த காட்டுக் கோயில் என்ற பெயர், லஸ்ஸின் இன்றைய நெரிசலுக்கு நடுவில் கேட்பதற்கே விசித்திரமாக இருக்கும்.

இடம்பெயர்ந்த அடுத்த கோயிலைக் காண வடக்கே, பாரிமுனைக்குப் போக வேண்டும். 1639-இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடமிருந்து பிரான்சிஸ் டே பெற்ற மணல் திட்டில் கிழக்கிந்தியக் கும்பினி கோட்டை கட்டத் தொடங்கியது. கோட்டையின் வடக்கே நெசவாளர்களும் வணிகர்களும், வெள்ளையருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்த துபாஷிகளும் குடியேறிய பகுதி கறுப்பர் பட்டணம் என்று வெள்ளையரால் அழைக்கப்பட்டது. அந்தப் பட்டணத்துக்கு நடுநாயகமாக 1640-களில் சென்னகேசவப் பெருமாள் கோயில் எழுந்தது. நாகபட்டன், பேரி திம்மண்ணா ஆகிய இருவரின் பெயர்கள் அதன் தொடக்கத்தோடு சேர்ந்து வருகின்றன. நகரத்தின் பெயர் வேங்கடப்பரின் தந்தை சென்னப்ப நாயக்கரிடமிருந்து வந்தது என்பதே வழக்கமான விளக்கம். இந்தப் பெருமாளிடமிருந்து வந்தது என்று கொள்வாரும் உண்டு.

இந்தக் கோயிலை அழித்தது பக்தி சார்ந்த பகை அன்று, பீரங்கி பற்றிய அச்சம். 1746-இல் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்தது. 1749-இல் உடன்படிக்கைப்படி அது திரும்ப ஒப்படைக்கப்பட்டது. கோட்டை மதிலை ஒட்டி வீடுகள் நெருக்கமாக இருந்தால் பகைவர் அவற்றின் மறைவிலேயே நெருங்கிவிடலாம் என்பதை ஆங்கிலேயர் அந்த மூன்று ஆண்டுகளில் கசப்பாகக் கற்றுக்கொண்டார்கள். பழைய பட்டணத்தில் பிரெஞ்சுக்காரர் இடித்ததுபோக எஞ்சியதை இவர்கள் இடித்தார்கள். 1757-இல் பெருமாள் கோயிலும் அதில் போயிற்று. அடுத்த ஆண்டு இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை வந்து கோட்டையை முற்றுகையிட்டதைப் பார்க்கையில் அவர்களின் கணக்குத் தவறவில்லை என்றே சொல்ல வேண்டும். ஆயினும் ஊரின் மூலக் கோயிலை இழந்த குடிமக்களின் மனக்குறை பெரிதாக இருந்திருக்க வேண்டும். ஏனெனில் சில ஆண்டுகளிலேயே கும்பினி மாற்று நிலம் கொடுத்தது. ஆளுநர் பிகட்டின் துபாஷியான மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று, தாமும் பொருள் தந்து, மற்றவர்களிடமும் திரட்டி, இன்றைய பூக்கடைப் பகுதியில் கோயிலை மறுபடி கட்டுவித்தார். இம்முறை பெருமாளுக்குப் பக்கத்திலேயே சென்னமல்லீசுவரருக்கும் ஒரு கோயில் எழுந்தது. சைவ, வைணவக் கோயில்கள் இரட்டையாக அடுத்தடுத்து நிற்கும் இந்த இடத்துக்குப் பட்டணம் கோயில் என்பதே மக்கள் வழக்கு. பூ வியாபாரமும் சில்லறைக் கடைகளும் நெருக்கும் அந்தத் தெருக்களில், வாசல் தெரியாமல் கடந்துபோகிறவர்களே அதிகம்.

பழைய கோயில் இருந்த இடத்தில் இப்போது உயர்நீதிமன்றம் நிற்கிறது. ஹென்றி இர்வின் முடித்துக் கொடுத்த அந்தச் செங்கல் மாளிகை 1892-இல் திறக்கப்பட்டது. செந்நிறச் சுவர்களும் கும்மட்டங்களும் கொண்ட இந்தோ சாரசெனிக் பாணியை வியந்து படம் எடுப்பவர்கள், எதிரே இவ்வளவு பெரிய வெளி எப்படிக் கிடைத்தது என்று கேட்பதில்லை. இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட பட்டணம்தான் அந்த வெளி. இந்த எல்லைக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்று காட்ட 1773-இல் ஆறு எல்லைத் தூண்கள் நடப்பட்டன. அவற்றில் எஞ்சிய ஒன்று பாரிமுனையில் ஒரு வணிக நிறுவனக் கட்டடத்தை ஒட்டி இன்னும் நிற்கிறது. இந்நகரின் வரலாற்றை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் சின்னம் வேறில்லை என்பது என் எண்ணம். ஆனால் அதைப் பார்க்கவென்று வருகிறவரை நான் கண்டதில்லை.

மூன்றாவது, தம்புச் செட்டித் தெருவிலுள்ள காளிகாம்பாள் கோயில். கோட்டை இருந்த இடத்தருகே முன்னர் இருந்த அம்மன், கோட்டை வந்த பின் இங்கே பெயர்ந்தாள் என்பது கோயிலின் மரபுச் செய்தி. விசுவகர்ம சமூகத்தார் காத்துவரும் இக்கோயிலுக்கு 1677 அக்டோபரில் சத்ரபதி சிவாஜி வந்து வழிபட்டதாகவும் அம்மரபு சொல்கிறது. அந்த ஆண்டில் அவருடைய படை தமிழகத்தில் இருந்தது வரலாறு; வழிபாட்டுச் செய்தியை நம்பிக்கையாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

கலங்கரை விளக்கத்தின் கதையும் இதே வட்டாரத்தில்தான் நடக்கிறது. முதல் விளக்கு 1796-இல் கோட்டைக்குள், வணிகர்கள் கூடும் மன்றமாக இருந்த கட்டடத்தின் மாடியில் ஏற்றப்பட்டது. அக்கட்டடமே இன்று கோட்டை அருங்காட்சியகம். 1844-இல் அது வெளியே, கிரேக்கப் பாணியில் அமைந்த தனிக் கல்தூணுக்கு மாறியது. தூண் இன்றும் உயர்நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே நீதிமன்றத்தின் உயர்ந்த கும்மட்டம் எழுந்த பிறகு, தூணைவிட அது வசதி என்று 1894-இல் விளக்கு அதன் உச்சிக்கு ஏறியது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டபோது ஒரு குண்டு நீதிமன்றச் சுற்றுச்சுவரில் விழுந்தது. அந்த இடத்தில் நினைவுக் கல் பதித்திருக்கிறார்கள். இறுதியாக 1977-இல் விளக்கு மெரினாவின் தென்கோடிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கோபுரத்தின் மேல் பார்வையாளர்கள் இப்போது மின்தூக்கியில் ஏறிப் பார்க்க முடிகிறது. ஏறியவர் வடக்கே நோக்கினால் கடற்கரையின் நீளம் முழுவதும் தெரியும்; அந்த நீளத்தில்தான் கோட்டையும் நீதிமன்றமும் துறைமுகமும் இருக்கின்றன.

கோட்டைக்குள் இருப்பவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, 1680-இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயம். மரத்தைப் பயன்படுத்தாமல், தடித்த சுவர்கள் மேல் வளைவான கூரையைக் கல்லும் செங்கல்லுமாக அமைத்தார்கள். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தீப்பற்றாமல் இருக்க அப்படிச் செய்தார்கள். பின்னால் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தன் பெயரைக் கொடுத்த எலிகு யேல் அந்த ஆண்டிலேயே இங்குத் திருமணம் செய்துகொண்டார். ராபர்ட் கிளைவின் திருமணம் 1753-இல் நடந்ததும் இங்கேதான். மற்றொன்று, தலைமைச் செயலகக் கட்டடத்தின் கருங்கல் தூண்கள். 1746-இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அவற்றைப் பெயர்த்தெடுத்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். 1761-இல் புதுச்சேரி வீழ்ந்ததும் ஆங்கிலேயர் அவற்றை மீட்டுக்கொண்டு வந்தார்கள். செயலகம் இயங்கும் இடமாதலால் பாதுகாப்புச் சோதனை உண்டு, எல்லா இடத்துக்கும் போக விடமாட்டார்கள். அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதை மறந்து வந்து திரும்பிப் போகிறவர்கள் ஏராளம்.

இனி, நகராத கோயில்கள். கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் வழிமறித்து நிற்காத ஊர்கள் தப்பித்துக்கொண்டன. அவை நகரத்துக்குள் வந்ததே மெதுவாகத்தான்: திருவல்லிக்கேணியைக் கோல்கொண்டா அரசிடமிருந்து கும்பினி குத்தகையாகப் பெற்றது 1676-இல், எழும்பூரும் புரசைவாக்கமும் 1693-இல், திருவொற்றியூர் 1708-இல், சாந்தோமும் மயிலாப்பூரும் 1749-இல்தான். ஆகஸ்ட் 22-ஆம் நாளைச் சென்னை தினமாகக் கொண்டாடுவதில் தவறில்லை. ஆனால் அந்த நாள் கோட்டைக்குப் பிறந்தநாளே தவிர இந்த ஊர்களுக்கு அன்று.

திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்து, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அது சொல்லும் செய்தி நம் காலத்துச் செய்தித்தாளில் வந்தாலும் பொருந்தும். கோயில் நிலத்தைப் பொறுப்பில் இருந்தவர்களே ஒற்றி வைத்துவிட்டதால் பெருமாளுக்கு அமுதுபடி குறைந்துபோயிற்று. ஒருவர் அந்த நிலத்தை மீட்டு அமுதுபடி முன்போல் நடக்க வழிசெய்தார். திருமங்கையாழ்வார் இத்தலத்தை மயிலைத் திருவல்லிக்கேணி என்று பாடுவதிலிருந்து, மயிலாப்பூரின் பெயரோடு சேர்த்தே இவ்வூர் அக்காலத்தில் அறியப்பட்டது என்பதும் விளங்கும். உள்ளே செல்கிறவர் மீசையோடு நிற்கும் மூலவரையும், போரில் பட்ட அம்புத் தழும்புகளாகக் கருதப்படும் வடுக்களை முகத்தில் கொண்ட உற்சவரையும் பார்க்கலாம். கிழக்கே பார்த்த பார்த்தசாரதிக்கும் மேற்கே பார்த்த நரசிம்மருக்கும் தனித்தனி வாசலும் கொடிமரமும் இருப்பதைக் கவனிக்காதவர்கள், வந்த வாசல் எதுவென்று தெரியாமல் தடுமாறுவதுண்டு.

எனினும் இந்நகரில் ஒரே ஒரு கோயிலை மட்டும் பார்க்க நேரமிருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் வடக்கே திருவொற்றியூருக்குத்தான் அனுப்புவேன். சுற்றுலாப் பேருந்துகள் அந்தப் பக்கம் போவதில்லை. கனரக லாரிகளும் தொழிற்சாலைகளும் அந்தச் சாலையின் பெயரைக் கெடுத்துவைத்திருக்கின்றன. ஆனால் தியாகராசர் கோயிலில் நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள், வைத்த இடத்திலேயே, படிக்கும்படியாக இருக்கின்றன. கருவறையின் மேலுள்ள விமானம் பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்று இதற்குப் பெயர். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், சதுரானன பண்டிதர் என்ற மடத்துத் தலைவரின் முயற்சியால் இது கருங்கல்லில் கட்டப்பட்டது. கட்டிய தச்சனின் பெயர் ரவி என்பதையும் கல்வெட்டு மறக்காமல் சொல்கிறது. பெரிய கோயில்கள் பலவற்றுக்கும் கட்டியவர் யார் என்றே தெரியாத நாட்டில் இது சிறிய செய்தியாகத் தோன்றவில்லை.

சதுரானன பண்டிதர் என்பது அந்த மடத்தில் வழிவழியாக வந்த பெயர். அப்பெயரை முன்னர்த் தாங்கியவர் ஒருவரின் கதை இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் காலத்துக் கல்வெட்டிலிருந்து தெரியவருகிறது. அவர் கேரளத்தில் பிறந்து, சோழ இளவரசன் இராசாதித்தனின் படையில் தலைவராக இருந்தவர். 949-இல் தக்கோலத்தில் நடந்த போரில் இளவரசன் யானை மேலிருந்தபடியே உயிரிழந்தபோது, தாம் அருகில் இல்லாமல் போனதைத் தாங்க முடியாமல் துறவு பூண்டு, திருவொற்றியூர் வந்து மடத்தை ஏற்றார். இளவரசனின் படையை வென்ற பகை மன்னனின் ஆட்சியாண்டைக் குறித்தே அந்தக் கல்வெட்டு வெட்டப்பட்டிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சுந்தரர் சங்கிலியாரை மணந்துகொண்ட தலமும் இதுதான், பட்டினத்தார் சமாதியும் அருகில் கடற்கரையை ஒட்டி இருக்கிறது. ஆனாலும் அந்தப் படைத்தலைவரின் மனவேதனைதான் என் நினைவில் நிற்கிறது.

திட்டம் வகுக்கிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். கோயில்கள் பெரும்பாலும் நண்பகல் 12 மணிக்கு நடை சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். ஆகவே காலையில் கோயில், உச்சி வெயிலில் அருங்காட்சியகம் அல்லது தேவாலயம், மாலையில் மறுபடி கோயில் என்று வகுத்துக்கொள்வதே சரி. பட்டணம் கோயில், காளிகாம்பாள், எல்லைத் தூண், உயர்நீதிமன்றம் ஆகியவற்றை ஒரே காலை வேளையில் நடந்தே பார்க்கலாம், மெட்ரோ ரயிலும் அங்கே நிற்கிறது. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்து மூவர் உலாவன்று, மயிலாப்பூருக்குக் கட்டடம் பார்க்க வரக்கூடாது. அன்று மாட வீதிகளில் மனிதத் தலைகளைத் தவிர வேறெதுவும் தெரியாது. கல்வெட்டுகளைத் தேடுகிறவர் கருவறையின் வெளிச்சுவரில், தரையை ஒட்டிய அதிட்டானப் பகுதியில் பார்க்க வேண்டும். குடமுழுக்குத் திருப்பணிகளில் வண்ணமும் சிமெண்டும் பூசி எழுத்து மறைந்த இடங்களும், மணலை வீசிச் சுத்தம் செய்ததில் எழுத்தே தேய்ந்துபோன இடங்களும் உண்டு.

திருவொற்றியூருக்குச் செல்ல நாள் குறிப்பவர் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி வந்தால் இன்னும் நல்லது. ஆண்டு முழுவதும் கவசத்தால் மூடப்பட்டிருக்கும் ஆதிபுரீசுவரரை, கவசம் களைந்து புனுகு சாத்திக் காண்பது அந்த மூன்று நாட்களில் மட்டுமே. அப்போது கூட்டம் கோயிலுக்கு வெளியே தேரடி வரை நீளும். வரிசையில் நிற்கும் நேரத்தில் ரவி என்னும் தச்சன் வளைத்துக் கட்டிய விமானத்தை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.